வேலி ஓணானும் நீர் ஓணானும்

ஆடும் கோழியும் வளர்க்காத இல்லம் நம் கடற்கரையூர்களில் அபூர்வம். மணமேல்குடியிலிருந்து கோட்டைப்பட்டினம் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும், குர்பானிக்கென்று வளர்க்கப்படும் கிடா ஒன்று எவர் வீட்டுத் திண்ணையிலேனும் வீட்டுக்காரரைப் போல் வீற்றிருக்கக் காணலாம். புறாக்கூடு வைத்திருப்போரும் உளர். பூனையைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. அதனை நாம் வளர்க்கிறோம் என்பதினும், அது நம்மை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே பொருந்தும். இவற்றை எவ்வாறு பேணுவது என்று எவரும் எவருக்கும் நூல் எழுதிக் கற்பிக்கவில்லை. பெரியோர் செய்ததைப் பார்த்துப் பிள்ளைகள் செய்கின்றனர். தவிடு எவ்வளவு, தண்ணீர் எப்போது, அடைமழையில் எங்கே கட்டுவது என்பதெல்லாம் கையோடு வந்த அறிவு.

அந்தக் கையறிவு துணைக்கு வராத ஓர் உயிரை வீட்டுக்குள் கொண்டு வரலாமா என்னும் கேள்வி சென்ற ஆண்டு நம் இல்லத்தில் எழுந்தது. அதைப் பற்றியே எழுதப் புகுந்தோம்.

நம் மூத்த மகன் தாய்லாந்தின் பாங்காக் நகரில் தொழில் செய்கிறான். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வருவான். மருமகளும் பிள்ளைகள் இருவரும் நம்மோடு இருக்கின்றனர். மூத்தவன் 11 வயதுப் பேரன். இளையவள் 2 வயதுப் பேத்தி. திருக்குர்ஆனை முதன்முறை ஓதி முடித்தால், வாய் திறந்து கேட்பது எதுவாயினும் வாங்கித் தருவதாகத் தகப்பன் மகனுக்கு வாக்களித்திருந்தான். பிள்ளை ஓதி முடித்தான். தகப்பன் பாங்காக்கின் சட்டுச்சாக் சந்தையில் நின்றுகொண்டு, அங்குள்ள கடைகளைக் கைப்பேசி வழியே ஒவ்வொன்றாகக் காட்டி வந்தான். கிளிகள் போயின, மீன்கள் போயின, முயல்கள் போயின. ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் வந்தபோது, "அத்தா, அங்கேயே நில்லுங்க" என்றான் பேரன்.

பெட்டிக்குள் இருந்தது இளம் வாழையிலையின் நிறத்தில் ஓர் ஓணான். கழுத்திலிருந்து முதுகு வழியே அரத்தின் பற்களைப் போன்ற முள்வரிசை. உடலின் பக்கங்களில் சாய்வாக ஓடும் வெளிர்க்கோடுகள். உடலைக் காட்டிலும் இரண்டு மடங்கு நீண்ட வாலில் பச்சையும் பழுப்புமாக வளையங்கள். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் நம்மைப் பார்த்தது. அழகுதான், மறுப்பதற்கில்லை. கடைக்காரர் கூறிய பெயர் ‘வாட்டர் டிராகன்’. நாம் இங்கு அதனை நீர் ஓணான் என்றே குறிப்போம்.

அப்பெயர் நாமே இட்டதாயினும் பொருந்தாப் பெயரன்று. தென்சீனம், வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் காட்டோடைக் கரைகள் அதன் இருப்பிடம். தண்ணீரின் மேல் நீண்டு வளைந்த கிளைகளில் உறங்கும். ஆளரவம் கேட்டால் கிளையிலிருந்து அப்படியே ஓடையில் விழுந்து மூழ்கிவிடும். நீருக்குள் பல நிமிடங்கள் அசையாமல் கிடக்க வல்லது. வளர்ந்த ஆண் மூக்கிலிருந்து வால்நுனி வரை ஏறத்தாழ 3 அடி. உயிர்நூலார் இதனைச் சேர்க்கும் குடும்பத்தின் பெயர் அகாமிடே. நம் வேலிகளிலும் பூவரச மரங்களிலும் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானும் அதே குடும்பந்தான்.

இன்னொரு செய்தி நம்மைப் பெரிதும் வியக்கச் செய்தது. இந்த நீர் ஓணானுக்கு அறிவியற் பெயர் வழங்கியவர் குவியே என்னும் பிரெஞ்சு அறிஞர், ஆண்டு 1829. கொச்சின்சீனா என்னும் நாட்டுப் பெயர் அதில் பதிந்திருக்கிறது. அதே ஆண்டில் அவரே பெயரிட்ட மற்றொன்று, மணற்பாங்கான வெளிகளில் ஓடித் திரியும் விசிறித்தொண்டை ஓணான். அதன் பெயரில் பதிந்திருப்பது நம் புதுச்சேரி! ஒருவர் கையால் ஒரே ஆண்டில் பெயர் பெற்ற இரண்டில் ஒன்று பாங்காக்கில் கண்ணாடிக்குள் விலை பேசப்படுகிறது. மற்றதன் இனம் நம் கடலோர மணலில், திரும்பிப் பார்ப்பாரின்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் இல்லத்தரசியாருக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டியிருக்கவில்லை. திரையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "வேணாம் அத்தா. ஓணானை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சா மலக்குமார் வருவாங்களா?" என்று பேரனிடம் கூறிவிட்டு அடுப்படிக்குச் சென்றுவிட்டார். மலக்குகள் நுழையாமை பற்றிய நபிமொழி நாயைக் குறித்தது என்று நாம் எடுத்துரைத்தோம். "நாயை விடவா ஓணான் உசத்தி?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதற்கு நம்மிடம் விடையில்லை.

அந்த வெறுப்பின் வேர் பழையது. நெருப்புக் குண்டத்தில் இடப்பட்ட நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு எதிராக ஊதி ஊதித் தீயை வளர்த்தது ஓணான் என்று நம் ஊர்ப் பெண்மணிகள் பிள்ளைகளுக்குக் கதை கூறுவர். எம்பெருமானார் (ஸல்) அவர்கள் பகைவர்க்கு மறைந்து குகையில் தங்கியபோது, தலையாட்டிக் காட்டிக்கொடுத்ததும் அதுவே என்று கூறுவாரும் உண்டு. அதனாலேயே அதற்கு அத்தலையாட்டல் நிலைத்துவிட்டதாம்! இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த சிறுவர்கள் தென்னை ஈர்க்கில் சுருக்கு வைத்து ஓணானைப் பிடிப்பதும், மூக்குப்பொடி ஊட்டி ஆட வைப்பதும், கல்லெறிந்து கொல்வதும் விடுமுறை நாட்களின் வழக்கம். நன்மை செய்கிறோம் என்னும் நினைப்பும் உடன் சேர்ந்துகொள்ளும்.

ஊரில் நாம் பெரிதும் மதிக்கும் ஆலிம் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். அவர் பொறுமையுடன் விளக்கினார். புகாரி முதலிய நூல்களில் தீ ஊதியதாக வந்திருப்பது ‘வஸக்’ என்பது. அதனைக் கொல்லுமாறு ஏவியதாக ஒரு ஹதீஸ் உண்டு. அதனை ஊறு செய்யும் சிறு பிராணி என்று கூறக் கேட்டேன், ஆனால் கொல்லுமாறு ஏவக் கேட்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதும் உண்டு. வஸக் என்பது சுவரில் ஒட்டும் பல்லி வகை. மரத்து ஓணானை அதற்குள் இழுத்துப் போட்டது நம் ஊர்க் கதையேயன்றி ஹதீஸ் அன்று. குகையில் தலையாட்டிய கதைக்கோ ஆதாரமே இல்லை. பாலைவன உடும்பாகிய ‘ளப்பு’ம் ஊர்வன இனந்தான், அதைக் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் எம்பெருமானாரின் முன்னிலையிலேயே உண்டார்கள், பெருமானார் தாம் உண்ணவில்லை, தடுக்கவுமில்லை. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் தமீரி இயற்றிய ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலில் பல்லிக்கும் ளப்புக்கும் பச்சோந்திக்கும் தனித்தனித் தலைப்புகளே உள்ளன. "அவங்க பிரிச்சுப் பார்த்தாங்க, நாம ஒண்ணாக் கட்டிட்டோம்" என்றார் ஆலிம். உயிருள்ள ஒன்றைக் குறிவைத்தெறியும் இலக்காக்குவதை எம்பெருமானார் சபித்திருப்பதையும் அவர் நினைவூட்டினார்.

அப்படியாயின் வளர்க்கலாமா என்று கேட்டோம். அவர் எடுத்துரைத்தவை இரண்டு. ஒன்று, அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சின்னஞ்சிறு பறவையை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது எம்பெருமானார் அச்சிறுவரிடம் பறவையின் பெயரையும் அவர் பெயரையும் எதுகையாக இணைத்து அன்போடு விசாரித்ததும். பிள்ளைகள் பறவை வளர்க்க இதில் இசைவு உண்டு என்பது அறிஞர் கருத்து. இந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இப்னுல் காஸ் என்னும் ஷாஃபிஈ அறிஞர் அறுபது பயன்களை எடுத்துக் காட்டித் தனி நூலே எழுதியிருக்கிறார். மற்றொன்று நாம் யாவரும் அறிந்தது: பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்மணியின் கதி. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் இஸ்ஸுத்தீன் பின் அப்துஸ்ஸலாம் அவர்கள், மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, அது முதுமையால் அல்லது நோயால் பயன்படாமற் போனாலும் அதன் செலவை ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். வாங்குகிற அன்றைக்கல்ல, அது கிழடான அன்றைக்கே கேள்வி என்று ஆலிம் கூறியது நம் நெஞ்சில் தைத்தது. நீர் ஓணான் நன்கு பேணப்பட்டால் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். நமக்கு அகவை 70.

இதற்கிடையே பாங்காக்கில் வேறொரு திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் நான்கு மணி நேரத்தில் ஊர் வந்துவிடும், பலரும் அவ்வாறு கொண்டு செல்கின்றனர் என்று எவரோ நம் மகனிடம் கூறியிருக்கிறார். விமானச் சீட்டுக்காகப் பிறர் சாமான்களைச் சுமந்து வரும் ‘குருவி’களை நம் பகுதியினர் நன்கறிவர். தங்கம் சுமந்த காலம் போய், உயிர்களைச் சுமக்கும் காலம் வந்திருக்கிறது. 2023 ஜூலைத் திங்களில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லியின உயிர்களும் இருந்தன. செய்தித்தாளில் அதைப் படித்தபோது நம் உள்ளம் பதைத்தது, அந்தப் பயணிக்காக மட்டுமன்று. மூச்சுக்குத் துளையிட்ட டப்பாக்களில் கடல் கடந்து வந்த உயிர்கள் என்ன பிழை செய்தன?

மகனுக்குச் சட்டத்தை எழுதி அனுப்பினோம். இந்த நீர் ஓணான் உலகில் அருகிவருகிறது. இறைச்சிக்காகவும் வளர்ப்பு வணிகத்துக்காகவும் காடுகளில் பிடிக்கப்படுகிறது. ஆதலால் 2022 நவம்பரில் பனாமா நகரில் கூடிய ‘சைட்டிஸ்’ மாநாடு இதனை உரிமமின்றி நாடு கடத்தக்கூடாத உயிர்களின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2022 இல் திருத்தம் பெற்று, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அவ்வுடன்படிக்கையைத் தழுவி அச்சட்டத்தில் இணைக்கப்பட்ட அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும். அவை ஈன்றாலும் இறந்தாலும் கைமாறினாலும் தெரிவித்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. பதிவு ‘பரிவேஷ்’ என்னும் அரசு இணையத்தளத்தில் நடைபெறுகிறது. வாசகர்களில் எவரேனும் இத்தகைய உயிரை முன்னரே வைத்திருப்பின், அதன் பெயர் பட்டியலில் உண்டா என்று வனத்துறையிடம் கேட்டறிதல் நலம். நம் நாட்டு உயிர்களின் நிலையோ இன்னும் கண்டிப்பானது. வீட்டுக்கு வீடு கூண்டில் தொங்கும் பச்சைக்கிளியையும், அதிர்ஷ்டம் என்று சிலர் மறைத்து வளர்க்கும் நட்சத்திர ஆமையையும், உடும்பையும் வைத்திருக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

மகன் பெட்டித் திட்டத்தைக் கைவிட்டான். ஆனால் பரிசைக் கைவிடவில்லை. சென்னையில் ஒரு கடையைக் கண்டுபிடித்தான். ‘எல்லாப் பேப்பரும் இருக்கு’ என்று கடைக்காரர் உறுதி கூறினார். பேப்பரைக் காட்டுமாறு நாம் கேட்டபோது ஓணானின் படம் வந்தது. மீண்டும் கேட்டோம், இன்னொரு படம் வந்தது.

அந்தப் படங்கள் வந்து சேர்வதற்குள் நாமும் பேரனும் ஒரு நோட்டுப்புத்தகம் போட்டு, இந்த உயிருக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதத் தொடங்கியிருந்தோம். மறுப்பதற்காக எழுதியதன்று; இயலுமா என்று பார்க்கவே எழுதினோம். கருத்தோடு செய்தால் எல்லாம் இயலும் என்பது பேரனின் கட்சி. பக்கங்கள் நிரம்பின.

முதலில் இடம். குட்டியாக இருக்கையில் ஓர் உள்ளங்கையில் அடங்குவதற்கு, வளர்ந்தபின் ஆள் உயரக் கூண்டு வேண்டும். அகலத்தினும் உயரம் முக்கியம்; ஏறிப் பழகிய உயிர் அது. உள்ளே தடித்த கிளைகள் வேண்டும். முழு உடலும் மூழ்கும் தொட்டி வேண்டும். அத்தண்ணீரிலேயே அது மலங்கழிக்குமாதலால் நாள்தோறும் மாற்ற வேண்டும். நம் ஊரில் கோடையில் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் நிலையை இவ்விடத்தில் இல்லத்தரசியார் நினைவூட்டினார்.

அடுத்து வெப்பம். குளிர்நாட்டினர் விளக்கெரித்து இதனைக் காக்கின்றனர். நமக்கு அந்தக் கவலை இல்லை என்று பேரன் மகிழ்ந்தான். நமக்குள்ள கவலை நேர்மாறானது. நிழலில் 30 பாகை அளவு வெப்பமும், குளிர்காய ஒரு மூலையில் அதைவிடச் சற்று மிகுதியும் அதற்குப் போதும். சித்திரை வைகாசியில் கடற்காற்று எழுமுன் தரைக்காற்று வீசும் முற்பகலில், ஓட்டு வீட்டுக்குள் நமக்கே மூச்சு முட்டுகிறது. கண்ணாடிப் பெட்டியை வெயிலில் வைத்தாலோ சில நிமிடங்களில் உள்ளிருப்பது வெந்துவிடும். காற்றில் ஈரமும் குறையாமல் இருக்க வேண்டும், அதற்கு நீர் தெளித்துக்கொண்டே இருக்கும் கருவி, கருவிக்கு மின்சாரம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசிய பின்னர் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பல ஊர்களில் வாரக்கணக்கில் விளக்கெரியவில்லை.

வெயிலைப் பற்றி நாம் அறியாதிருந்த ஒன்றையும் அறிந்தோம். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரைக் கொண்டே இவ்வுயிர் தன் உடலில் ‘டி’ வைட்டமினை ஆக்கிக்கொள்கிறது; அது இருந்தால்தான் உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. சன்னலோரம் பெட்டியை வைத்து, வெயில் படுகிறது என்று நாம் மனநிறைவு கொள்ளலாம். உள்ளே எலும்பு இளகிக்கொண்டிருக்கும். தாடை வீங்கும்; கால்கள் வளையும்; பின்னர் நடக்காது. அதற்கென்றே செய்த விளக்கை வாங்கி, ஒளி குன்றாதபோதும் கதிர் குன்றிவிடுமாதலால், காலந்தோறும் மாற்ற வேண்டும்.

உணவு எளிது என்றே முதலில் எண்ணினோம். சிள்வண்டு, கரப்பான், மண்புழு, சிறு மீன். மணமேல்குடியில் மீனுக்கா பஞ்சம்? ஆனால் மீனை மட்டுமே தருவது ஆகாது, பூச்சிகளே முதன்மை. வயலில் பிடித்த பூச்சியில் மருந்து தெளித்த நஞ்சு இருக்கக்கூடும். ஆகவே பூச்சியையும் நாமே வளர்க்க வேண்டும். அதற்கும் சத்துணவு இட்டு, சுண்ணாம்புப் பொடி தூவித் தர வேண்டும். கரப்பானை வளர்ப்பது என்னும் வரியைப் பேரன் உரக்கப் படித்தபோது அடுப்படியில் பாத்திரம் ஒன்று ஓங்கி வைக்கப்பட்ட ஒலி கேட்டது.

ஊர்வன இனங்களின் மலத்தில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருப்பது பொதுவாம். தொட்ட கையை ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவினால் பெரியவர்களுக்கு அச்சமில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் வைக்க வேண்டாம் என்பதே மருத்துவர் அறிவுரை. பேரன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் கையில் கிடைத்ததையெல்லாம் வாயிலிடும் பருவத்தினள்.

நோய் கண்டால் எங்கே செல்வது? அறந்தாங்கிப் பக்கம் நமக்குப் பழக்கமான கால்நடை மருத்துவர் ஒருவர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கைராசிக்காரர். அவரிடம் கேட்டோம். "ஐயா, இதைப் பாடத்துல படிச்சிருக்கேன்; கையால தொட்டதில்ல. ஊசி போட்டா நான் பழகுறதுக்குப் போட்டதா ஆயிரும்" என்று மறைக்காமல் கூறினார். அந்த நேர்மைக்காக அவரை இன்னும் மதிக்கிறோம்.

இவ்வளவுக்குப் பின்னும் பேரன் விடுவதாயில்லை. நல்ல உயிரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதிய பக்கத்தை அவன் மனப்பாடமே செய்திருந்தான். கண்கள் தெளிவாகவும் துருத்தாமலும் இருத்தல், வாலின் அடி சதைப்பற்றோடு இருத்தல், விரல்கள் குறையாதிருத்தல், வாயோரம் சிவப்போ சீழோ இல்லாதிருத்தல், காட்டில் பிடித்ததன்றி வளர்ப்பிடத்தில் பிறந்ததாக இருத்தல். சென்னைக் கடையின் படங்கள் வந்தபோது இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆராய்ந்தான். படத்தை விரலால் பெரிதாக்கினான். வெகுநேரம் பேசவில்லை.

"நன்னா, இதோட மூக்கு ஏன் இப்படிப் புண்ணாயிருக்கு?"

நாமும் பார்த்தோம். மூக்கின் நுனி தேய்ந்து, தோல் உரிந்து, கருஞ்சிவப்பாய்க் காய்ந்திருந்தது. இதன் காரணத்தையும் முன்பே படித்திருந்தோம். ஆனால் எழுத்தாகப் படித்தது வேறு. இவ்வினத்திற்குக் கண்ணாடி என்றால் என்னவென்று விளங்குவதில்லை. எதிரே வெளி தெரிகிறது, போகிறது, முட்டுகிறது. மறுபடியும் போகிறது. வழி இல்லை என்று அது ஒருநாளும் கற்றுக்கொள்வதில்லை. புண் ஆழமானால் தாடையெலும்பு வரை அழுகும். கண்ணாடியின் கீழ்ப்பகுதியைத் தாள் ஒட்டி மறைத்தும், பெட்டிக்குள் இலைகளை அடர்த்தியாக வைத்தும் சிறந்த வளர்ப்பாளர்கள் இதனைத் தவிர்க்கின்றனர். அந்தக் கடையில் அதைச் செய்வாரில்லை.

பேரன் நோட்டுப்புத்தகத்தை மூடிவைத்தான். வேண்டாம் என்று அவன் கூறவில்லை. அன்றிரவு உண்ணாமல் படுத்துவிட்டான். தாயின் வற்புறுத்தலும் பாட்டியின் கெஞ்சலும் பலிக்கவில்லை. ஒரு வாரம் நம்மோடு முகங்கொடுத்துப் பேசவுமில்லை. பிள்ளைகள் நல்லதை உடனே உணர்ந்து தெளிவார்கள் என்று கதைகளில் எழுதுகின்றனர். நம் வீட்டில் அவ்வாறு நிகழவில்லை.

மகனிடம் கூறுவதுதான் இதனினும் கடினமாயிற்று. கடைப்படத்தைப் பற்றியும், தங்கையைப் பற்றியும், நமது வயதைப் பற்றியும் எடுத்துரைத்தோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "அத்தா, இத்தனை வருஷத்துல அவனுக்கு நான் அனுப்புனதெல்லாம் சட்டையும் மிட்டாயுந்தான். அவனா வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான்" என்றான். கடல் கடந்து பொருள் தேடும் நம் சமூகத்துத் தகப்பன்மார் எத்தனை பேர் இதே சொற்களை வேறு வேறு பொருள்களைக் குறித்துக் கூறியிருப்பர்! நாம் மறுமொழி கூறவில்லை. இருபுறமும் சிறிது நேரம் ஒலியின்றி இருந்தது. மூன்றாம் நாள் அவனே மகனை அழைத்து, வேறு என்ன வேண்டும் என்று கேட்டான். பேரன் யோசித்து ஒரு தொலைநோக்கி கேட்டான். ஊர் வந்த உறவினர் ஒருவர் அதைக் கொண்டுவந்து சேர்த்தார். சுங்கத்தில் எவரும் அதைத் தடுக்கவில்லை.

தொலைநோக்கி முதலில் திரும்பியது கடலை நோக்கி. பாக் விரிகுடாவில் 2022 இல் அரசு அமைத்த 448 சதுர கிலோமீட்டர்க் கடற்பசுக் காப்பகம் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோரத்தைத் தழுவியது. நம் மீனவர் ஆவுளியா என்றழைக்கும் அவ்வுயிரைக் கரையிலிருந்தே கண்டுவிடலாம் என்று பேரன் நம்பினான். சில மாலைகளில் அந்த நம்பிக்கை தணிந்தது. பின்னர்க் கருவி கொல்லைப்புறத்துக்கு வந்தது.

அங்கே வேலியில் ஓர் ஆண் ஓணான் உண்டு. நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு மேல், வேலிக்கல்லின் உச்சியில் ஏறும். முன்கால்களை ஊன்றி எழுந்து எழுந்து தாழும். தாடையிலிருந்து தோள் வரை செக்கச் செவேலென்று நிறம் ஏறும். கன்னத்தில் கருந்திட்டு தெரியும். இது காட்டிக்கொடுப்பதுமன்று, இரத்தம் உறிஞ்சுவதுமன்று. இந்த வேலி எனது என்று மற்ற ஆண்களுக்கும், நான் இங்கிருக்கிறேன் என்று பெண்ணுக்கும் அது விடுக்கும் அறிவிப்பு. நிறம் மாறும் ஓணான்களில் பல இனங்கள் கலந்திருப்பதைப் பிரித்தறிந்த ஆய்வாளர்கள், 2021 இல் இவ்வினத்தின் மூலமாதிரியைப் புதுச்சேரியிலிருந்தே தேர்ந்தெடுத்தனர். இதைக் கூறியபோது பேரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்லடி படும் இந்த ஓணான்தான் சிங்கப்பூரில் 1980களில் வெளியிலிருந்து புகுந்து பரவி, அவ்வூருக்கே உரிய பச்சை ஓணானைத் தோட்டங்களிலிருந்து காட்டுக்குள் ஒதுக்கியது என்பதையும் கூறினோம். தைவானில் வளர்த்துச் சலித்தவர்கள் கைவிட்ட நீர் ஓணான்கள் ஆற்றோரங்களில் பெருகி, அரசே பிடித்து அகற்ற வேண்டிய நிலை உண்டாயிற்று. இருக்குமிடத்தில் அழகாயிருப்பது இடம் மாறினால் வினையாகிறது.

விசிறித்தொண்டை ஓணானையும் மணல்மேட்டில் பார்த்துவிட்டான். கழுத்தின் கீழ் மடித்து வைத்திருக்கும் தோலைச் சட்டென்று விரித்து மடக்கும். தென்தமிழகக் கடலோரத்து வகை ஒன்றுக்கு 2016 இல் ஆய்வாளர்கள் இட்ட அறிவியற் பெயர் ‘விசிறி’ என்னும் நம் தமிழ்ச் சொல்லே. பனையோலை விசிறி நினைவுக்கு வந்ததாம் அவர்களுக்கு.

நீர் ஓணானை அவன் மறந்துவிடவில்லை. அதன் படங்களை இன்றும் பார்க்கிறான். பெரியவனானதும் வியட்நாம் சென்று, ஓடைமேல் கிளையில் அது உறங்குவதைத் தொலைநோக்கி வழியே பார்க்கப் போகிறானாம். இன்ஷா அல்லாஹ்.

முதல் மழை பெய்த மறுநாள், கொல்லையில் முருங்கையடியில் பெண் ஓணான் ஒன்று குழி பறிப்பதைப் பேரன் கண்டான். பள்ளிக்கும் செல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வெண்ணிற முட்டைகளை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, மூக்கால் அழுத்திச் சமன்செய்துவிட்டு, அது திரும்பியும் பாராமல் சென்றுவிட்டது. தாய் காவல் காப்பதில்லை. அவ்வினத்தின் இயல்பு அது. காவலுக்கு நம் வீட்டில் கோழிகள்தாம் இருந்தன. அவற்றின் வேலை கிளறுவது.

மாலையில் அவ்விடத்தில் ஒரு பஞ்சாரம் கவிழ்த்து, மேலே கல் வைக்கப்பட்டிருக்கக் கண்டோம். பேரன் வைத்ததோ என்று கேட்டோம். இல்லை என்றான். அடுப்படியை நோக்கினோம். "குஞ்சு பொரிச்சதும் எல்லாம் வேலிக்குப் போயிரணும். வீட்டுக்குள்ள ஒண்ணு வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார் இல்லத்தரசியார்.

பொரிக்க ஆறேழு வாரமாகலாம் என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இப்போது ஐந்தாம் வாரம்.